சாம்பிராணி போட்ட கப்பல் பெட்டி

நாற்பதடி நீள வெள்ளைப் பெட்டி ஒன்று எங்கள் பண்ணை வாசலில் வந்து நின்றபோது, வேப்பமரத்தின் தாழ்ந்த கிளை இரண்டை வெட்டித்தான் அதை உள்ளே விட முடிந்தது. வெட்டிய கிளையின் பச்சை வாசம், டீசல் புகை, கொட்டகைப் பக்கமிருந்து வரும் கோழி எச்சத்தின் காரம் எல்லாம் கலந்து அடித்த அந்தக் காலை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. இந்த வாரக் கதையே மூக்கைப் பற்றியதுதான்.

தூத்துக்குடியிலிருந்து டிரெய்லரை ஓட்டி வந்த முத்துக்குட்டி இறங்கிச் சோம்பல் முறித்துவிட்டுப் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு பக்கமும் பால் வெள்ளை. தரையில் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி அலுமினியக் காடிகள். முகப்பில் ஓர் இயந்திரம். அது குளிர்காற்றை அந்தக் காடிகள் வழியாகத் தள்ளும், மேலே இழுக்கும், மறுபடி தள்ளும். கப்பல் கரை சேரும்வரை அநேகமாக அதே காற்றுத்தான் சுற்றிச் சுற்றி வரும். இதை முத்துக்குட்டி அன்றைக்கே சொன்னார். நான் காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை.

ஏற்றும் நிலையிலா இருந்தேன்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சொந்தப் பெயரில் முட்டையைக் கப்பலேற்றுகிறான். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதைச் செய்த முதல் ஆள் நான்தான். இல்லை என்பவர் யாராவது இருந்தால் நேரில் வரட்டும், டீ வாங்கிக் கொடுத்தே பேசுகிறேன். வெண்ணந்தூர் கடைவீதியில் ஃபிளெக்ஸ் வேறு வைத்திருந்தேன். ‘கடல் கடக்கும் நம்ம ஊர் முட்டை’ என்று எழுதி, ஒரு கப்பல், பக்கத்தில் நான். கப்பலைவிட நான் பெரிதாக இருந்தேன்.

முதல் நடை

லாரியில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் எந்த வண்டியும் பூசை போடாமல் முதல் நடை கிளம்பாது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்குப் பூசணிக்காய், கேபினுக்குள் சாம்பிராணிப் புகை. நான் வாங்கிய எட்டு லாரிக்கும் என் கையால் புகை போட்டிருக்கிறேன். எட்டில் ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை. அப்படியிருக்க, கடலில் போகிற பெட்டியை வெறுமனே அனுப்புவேனா?

கொட்டாங்கச்சிக் கங்கு போட்டு இரண்டு தூபக்கால் தயார் செய்தேன். என் மனைவி பாவாயி முட்டை பிரிக்கும் மேசையை விட்டு எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, பொட்டிக்கு வெளியில காட்டுங்க போதும். உள்ள வேண்டாமுங்க.”

“ஏன், உள்ள வர்றதுக்குச் சாமி மாட்டேங்குதா?”

“சாமி வந்துட்டுப் போயிருமுங்க. புகை போவாது. முட்டைக்கு மூக்கிருக்குதுங்க. மண்ணெண்ணெய் டின்னுகிட்ட வெச்ச முட்டைய அவிச்சா என்ன வாசமடிக்கும்னு தெரியுமா உங்களுக்கு? தின்னுபோட்டுக் கைய ஒதறிட்டுப் போறவருக்கு எப்படித் தெரியும்?”

ஏற்றுக்கூலி ஆட்கள் சிரித்தார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது. ஆட்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் சொன்னதைக் கேட்டிருப்பேன்.

முத்துக்குட்டியும் பதறினார். “என்ன முதலாளி, குளிர்ப் பெட்டிக்குள்ள கங்கக் கொண்டு வைக்கீய? கம்பெனிக்காரன் பாத்தாம்னா என்னையும் உள்ள வச்சுப் பூட்டிருவான்.”

“ஒண்ணும் ஆவாதுங்க அண்ணாச்சி. உங்க வண்டிக்கும் சேத்துத்தான் கும்பிடறேன்.”

தூபக்கால் இரண்டையும் தகரத் தட்டில் வைத்து, கை நிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். புகை நன்றாக ஊறட்டும் என்று கதவையும் சாத்திவைத்தேன். அரைமணி நேரம் கழித்துத் திறந்தபோது நீலமாகப் புரண்டு வெளியே வந்தது பாருங்கள், அத்தனை பேரும் கும்பிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவாயி மட்டும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனாள்.

பிறகு நாலு லட்சத்துக்கு மேல் முட்டை உள்ளே ஏறியது. முப்பது முப்பதாகக் காகித அட்டையில் அடுக்கி, அட்டையை அட்டைப்பெட்டியில் அடைத்து, சுவர் கட்டுவது மாதிரி வரிசை பிசகாமல் ஏற்றினோம். ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலும் என் பெயர், ஊர், போன் நம்பர்.

இக்கா

முட்டைக்கும் எனக்கும் இருக்கிற உறவைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் லாரி கிளீனராகப் போனேன். பாலக்காட்டுக்கு முட்டை லோடு. அப்போதெல்லாம் வைக்கோலும் உமியும் போட்ட கூடையில்தான் முட்டை போகும். வாளையாறு தாண்டினால் மழை வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் சேர்ந்து வரும். இறக்குகிற இடத்தில் இரண்டு முட்டையைக் காதருகே வைத்து லேசாகத் தட்டி, எது விரிசல் என்று சொல்லிவிடுவேன். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் சொல்வேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் பலபேர்.

அப்படிப் பந்தயத்தில் தோற்ற கடைக்காரர் ஒருவர்தான் ஹம்சா. எங்களுக்கெல்லாம் ஹம்சாக்கா. இக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். நம்மூர் ஆட்கள் “ஆம்பளைய ஏன் அக்காங்கறான்?” என்று என்னைக் கேட்டுச் சிரிப்பார்கள். தோற்ற பந்தயத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த புட்டும் கடலையும் முப்பது வருட வியாபாரமாக வளர்ந்தது.

அவர் பிறகு வளைகுடா நாட்டுக்குப் போய், அங்கே ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் குளிர்க்கிடங்கு போட்டார். “பழனி, உன்ட முட்டைய இங்க கொண்டு வரணும்டா” என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அனுமதி வாங்கி, கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்து, தன் பெயரை அடகு வைத்து அவர் வரவழைத்த முதல் பெட்டிதான் இது. இது கெட்டால் நான் நாமக்கல்லிலேயே பிழைத்துக்கொள்வேன். அந்நிய ஊரில் உட்கார்ந்திருக்கிற அவர் பெயர் போய்விடும். அது எனக்கும் தெரியும்.

ஒரு போன்

பெட்டி கிளம்பிப் பன்னிரண்டு நாள் போல இருக்கும். பாவாயியும் நானும் முட்டை மேசையில் இருந்தபோது போன் வந்தது. பெருமையாக ஸ்பீக்கரில் போட்டேன்.

“எடா பழனி, எந்தா இது? முட்டையோ அம்பலமோ?”

அம்பலம் என்றால் அவர்கள் பேச்சில் கோயில்.

“கதவு திறந்ததும் என்ட ஆள்கள் ரெண்டடி பின்னால போயி. ஒரு முட்டை அவிச்சுத் தின்னு பாத்து. சாம்பிராணிடா! இங்க அறபி வீட்டுல எல்லாம் புகை போடும். அதுக்காக ஆம்லெட்டுல வந்தா விடுவானோ?”

என் வாய் முந்திக்கொண்டது. “இக்கா, நம்ம முட்டை சுத்தமுங்க. அந்தப் பொட்டியே அப்படித்தான் வந்துச்சு. இதுக்கு முன்னால எதை ஏத்துனாங்களோ.”

“நேராணோ?” நேர் என்றால் உண்மை.

“சத்தியமாங்க.”

“அப்போ சரி. மத்தியானம் சேதம் பாக்குற சர்வே ஆள் வரும். கப்பல் கம்பெனி தந்த பெட்டி மோசம்னு நான் எழுதி ஒப்பம் போட்டுக் கொடுக்கும். பின்ன நீ மாத்திப் பேசக்கூடாது, கேட்டோ.”

போனை வைத்தேன். பாவாயி கையில் எடுத்த முட்டையைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள்.

“அண்ணன் கையெழுத்துப் போடறேன்னா சொன்னாரு?”

“ஆமா. கப்பக் கம்பெனி பெரிய கம்பெனி. நஷ்டத்தக் குடுத்துட்டுப் போவட்டும். அவனுக்கென்ன கொறைச்சல்?”

“அவனுக்குக் கொறைச்சலில்லீங்க. பொய்யி உங்களுது, கையெழுத்து அண்ணனுது. நாளைக்குப் பொட்டி கொண்டாந்தவனக் கூப்புடுன்னா முத்துக்குட்டியண்ணன் வந்து நிப்பாரு. அவரு பொழப்பும் போவும்.”

“அதுக்கு? மொத்த முட்டையும் குழியில போட்டு மூடுவான் அந்த ஊர்க்காரன். பரவால்லியா?”

“போவட்டுமுங்க. நான் சொல்லச் சொல்லத்தான் போட்டீங்க.”

“மத்தியானத்துக்குள்ள எதாச்சும் யோசிக்கலாம் அம்மிணி.”

“யோசிக்க என்ன இருக்குது? போனக் குடுங்க.”

கையை நீட்டிக்கொண்டே நின்றாள். உடைந்த முட்டையின் வெள்ளைக்கரு காய்ந்து மணிக்கட்டில் பளபளத்தது. நாற்பது ஆள் வேலை செய்கிற பண்ணையில் என் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. ஆனால் போனைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

“அண்ணா, பாவாயி பேசறனுங்க. பொட்டி நல்லாத்தான் வந்துச்சுங்க. நாங்கதான் உள்ள சாம்பிராணி போட்டு அரைமணி நேரம் சாத்தி வெச்சமுங்க. கையெழுத்து மட்டும் போட்டுராதீங்ண்ணா.”

அவர் கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் வருகிற கீ கீ ஒலி மட்டும் கேட்டது. பிறகு ஹம்சாக்கா பேசினார்.

“சேச்சி, பழனிகிட்ட போன் கொடுக்க வேண்டா. நான் அப்புறம் விளிக்கும்.” சேச்சி என்றால் அக்கா, விளிப்பது என்றால் கூப்பிடுவது.

ஃபிளெக்ஸின் கதி

இரண்டு நாள் அவர் கூப்பிடவில்லை. அடுத்த பெட்டிக்கென்று எங்கள் குளிரறையில் முட்டை நிரம்பிக்கொண்டே இருந்தது. கோழிக்குக் கப்பல் தெரியுமா, கௌரவம் தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது.

நான் கடைவீதிக்குப் போய், ஏணி வாங்கி, ஃபிளெக்ஸை நானே அவிழ்த்தேன். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

“என்னங்க, கப்பலு கவுந்துருச்சுங்களா?”

“பழசாயிருச்சு, புதுசு வெக்கப் போறேன்” என்றேன். புதுசு வைக்கவில்லை. அந்த ஃபிளெக்ஸ் மக்காச்சோள மூட்டைக்கு மூடுபடுதாவாகப் பல வருடம் உழைத்தது. மழை பெய்தால் என் முகத்தில்தான் தண்ணீர் தேங்கும்.

மூன்றாம் நாள் ஹம்சாக்கா கூப்பிட்டார். என்னை அல்ல, பாவாயியின் நம்பருக்கு. முட்டையை மண்ணில் போடவில்லை. அட்டைப்பெட்டியெல்லாம் பிரித்து, கிடங்கில் பரப்பி, விசிறி ஓட்டிக் காற்றாட விட்டிருக்கிறார். கடைகளுக்குக் கொடுக்கவில்லை. வேலையாட்கள் தங்குகிற முகாம்களின் சமையல்கூடத்துக்கு, இன்னது நடந்தது என்று சொல்லியே கொடுத்திருக்கிறார். குழம்பில் போட்டால் மசாலா மூடிவிடும் என்று எடுத்துக்கொண்டார்களாம். அந்தப் பெட்டியில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவருக்கும் மிஞ்சவில்லை.

அந்த வாரமே எனக்கு இன்னொரு போன். ஜலகண்டாபுரத்துக்காரர், அங்கே ஒரு முகாமில் சமையல்காரர். அட்டைப்பெட்டி மேல் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

“ஏனுங்க, வெண்ணந்தூருங்களா? பொட்டியப் பிரிச்சனுங்க, வெள்ளிக்கெழம எங்கூட்டு வாசமடிக்குதுங்க. என்ன பண்ணி அனுப்புனீங்க?”

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, “அந்தக் காயித அட்டைய நான் வீசலீங்க, கட்டலுக்கடியில வெச்சிருக்கறனுங்க” என்றார்.

எனக்கு இழந்த உயரம் மொத்தமும் திரும்பிவிட்டது. உடனே ஹம்சாக்காவைக் கூப்பிட்டு, “இக்கா, பாத்தீங்களா, நம்ம புகைக்கும் அங்க ஆளிருக்குது!” என்றேன்.

“பழனி, ஒரு ஆள் கரஞ்சான்னு நாலு லட்சம் முட்டைக்குப் புகை போட முடியுமோ? போனை வை” என்றார். கரைவது என்றால் அவர்கள் பேச்சில் அழுவது.

சேச்சியைக் கூப்பிடு

இரண்டாவது பெட்டிக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டியைப் பாவாயி மோந்து பார்க்க வேண்டும். நல்லது என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

அன்று முதல் எங்கள் பண்ணையில் அதுதான் சட்டம். பெட்டி வந்து கதவு திறந்ததும் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். பாவாயி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவாள். தலையில் வைத்த பூவையும் எடுத்துவிட்டுத்தான் ஏறுவாள், பூ வாசம் ஏமாற்றுமாம். கண்ணை மூடி நாலு மூலையிலும் நிற்பாள். இறங்கி வந்ததும் போன் வரும்.

“சேச்சி, பெட்டி நல்லதா?”

“நல்லாருக்குதுங்ண்ணா.”

அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எத்தனை பெட்டி போயிருக்கும் என்று நான் எண்ணவில்லை. சாம்பிராணி, வேப்பமரத்தடியில் வெளியே நின்று காட்டுவதோடு சரி. குளிரறை கட்டியவன் நான், அனுமதிக்கு அலைந்தவன் நான், கப்பலில் இடம் பிடித்தவன் நான். ஆனால் ‘பெட்டி நல்லதா’ என்று ஹம்சாக்கா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு முள் மாதிரி உள்ளேயே இருந்தது.

மூக்கு

ஊரே முடங்கிக் கிடந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் எங்கள் இருவருக்கும் வந்தது. எனக்கு ஒரு வாரத்தில் போனது. பாவாயிக்கும் போனது, ஆனால் மூக்கை எடுத்துக்கொண்டு போனது. பால் தீய்ந்தால் தெரியவில்லை. மல்லிகைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு காகிதம் மாதிரி பார்த்தாள்.

அந்த நிலையில் ஒரு பெட்டி வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் தூத்துக்குடியில் விடாவிட்டால் கப்பல் போய்விடும். பாவாயி வழக்கம்போல ஏறினாள், நின்றாள், இறங்கினாள். முகம் சுருங்கியிருந்தது. நான் படியில் நின்றபடியே தலையை உள்ளே நீட்டி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. சொல்லிரு” என்றேன்.

போன் வந்தது. கிடங்கை இப்போது ஹம்சாக்காவின் மகன் பார்க்கிறார். ஹம்சாக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் இந்தப் போனை மட்டும் அவர் யாருக்கும் விடுவதில்லை.

“சேச்சி, பெட்டி நல்லதா?”

“தெரியலீங்ண்ணா. காச்சல்ல எனக்கு மூக்குச் செத்துப்போச்சுங்க. அவரு மோந்தாரு, நல்லாருக்குதுங்கறாரு.”

ரொம்ப நேரம் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “அப்போ அவன்கிட்ட கொடு” என்றார்.

போன் என் கைக்கு வந்தது.

“பழனி, பெட்டி நல்லதா?”

எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி! ‘நல்லாருக்குதுங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் “ஒரு நிமிசமுங்க இக்கா” என்று போனைப் பாவாயியிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

நின்று பார்த்தேன், ஒன்றுமில்லை. முகப்பில் இயந்திரத்துப் பக்கம் போனேன், ஒன்றுமில்லை. வலப்பக்க மூலையில், தண்ணீர் வடியும் துளைக்கு அருகே மண்டியிட்டு, காடிக்குள் மூக்கை வைத்தேன். எழுபது தாண்டிய முழங்கால், கடக்கென்றது. அங்கே இருந்தது. லேசாக, மிக லேசாக, பழைய மீன் தண்ணீர். இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அது பெட்டி முழுக்கச் சுற்றும்.

இறங்கி வந்தேன். முப்பது ஆட்கள் ஏற்றுவதற்குத் தயாராக நின்றார்கள்.

“இக்கா, மீன் வாடை இருக்குதுங்க. காடிக்கடியில. பொட்டியத் திருப்பி அனுப்பறேன். இந்தக் கப்பலு கிடைக்காதுங்க.”

“போகட்டே” என்றார் அவர். “கப்பல் இனியும் வரும். சேச்சிகிட்ட கொடு.”

கொடுத்தேன். ஸ்பீக்கரில்தான் இருந்தது.

“சேச்சி, அவன் சொன்னது நேராணோ?”

“நேருதானுங்ண்ணா.”

“சேச்சிக்குத்தான் மூக்கில்லையே, எப்படித் தெரியும்?”

பாவாயி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

“வேட்டில முழங்கால் ரெண்டும் கறுத்துக் கெடக்குதுங்ண்ணா. நின்னுக்கிட்டே மோந்திருந்தா நானே நம்பியிருக்க மாட்டனுங்க.”